நட்புக்கு மொய் நோட்டு கிடையாது

குடும்பம் என்று ஆனபிறகு நண்பர்கள் தாமாகவே விலகிப்போய்விடுவார்கள், அது இயல்புதான், அதற்காக வருந்த வேண்டியதில்லை என்று சொல்பவர்களை நிறையப் பார்க்கிறேன். ஐம்பது வயதைக் கடந்தும், கல்லூரி விடுதியில் கிடைத்த தோழிகள் சிலரோடு தொடர்பு அறுந்துபோகாமல் இருப்பவள் என்ற முறையில் இந்தக் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நண்பர்களைப் பிடித்துவைத்துக்கொள்ள நம் வீடுகளில் எந்த ஏற்பாடும் இல்லை. அவர்கள் விலகிப்போவதற்கு அதுவே காரணம் என்பது என் எண்ணம்.

உறவினர்களை நினைத்துப் பாருங்கள். ஆண்டு முழுவதும் ஒரு வார்த்தை பேசாத சித்தப்பா மகன்கூட நம் வீட்டுக் காதுகுத்துக்கு வந்து முன்வரிசையில் உட்காருகிறார். பாசம் பொங்கி வந்தார் என்று சொல்லிவிட முடியாது. பத்திரிகையை நேரில் கொண்டுபோய்த் தாம்பூலத்தோடு கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் அவர்கள் வந்தாக வேண்டும். வந்தவர் எழுதிய மொய்யை நோட்டில் பார்த்து, அவர்கள் வீட்டு விசேஷத்தில் நாம் திருப்பிச் செய்தாக வேண்டும். தாய்மாமனுக்குச் சீர் இருக்கிறது, நாத்தனாருக்கு மூன்றாவது முடிச்சு இருக்கிறது, பங்காளிக்குத் தீட்டு இருக்கிறது. கீரமங்கலம், பேராவூரணிப் பக்கங்களில் ஆடி மாதத்தில் நடக்கும் மொய் விருந்துகளில் இந்தக் கொடுக்கல் வாங்கல் வங்கிக் கணக்கைப் போல அத்தனை கறாராக நடப்பதைப் பார்க்கலாம். முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொன்னவர்களைக்கூட இந்த ஏற்பாடு ஒரே பந்தியில் உட்கார வைத்துவிடுகிறது.

நட்புக்கு இப்படி ஒன்றும் கிடையாது. தோழியின் மகள் திருமணத்துக்கு நான் போகாவிட்டால் எந்தச் சடங்கும் தடைப்படாது. 'அவள் ஏன் வரவில்லை' என்று மண்டபத்தில் ஒருவரும் கேட்கப்போவதில்லை. ஆகவே வீட்டில் எந்த நெருக்கடி வந்தாலும் முதலில் வெட்டுப்படுவது நண்பர்களுக்கான நேரம்தான். மாமியாருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை, பையனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, கணவருக்கு வெளியூர் மாற்றல், வீட்டுக் கடன் தவணை என்று நெருக்கடிகளுக்கோ நம் வீடுகளில் குறைவில்லை.

இழப்பது என்னவென்று புரிய ஒரு கணக்கைச் சொல்கிறேன். அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முகம் தெரிந்த ஒருவர் சாதாரண நண்பராவதற்கு ஏறத்தாழ 50 மணி நேரமும், மிக நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் ஒன்றாகக் கழிக்க வேண்டியிருக்கிறது என்று மதிப்பிட்டார். விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்களுக்கு அந்த 200 மணி நேரம் முதல் மாதத்திலேயே கழிந்துவிடும். நாற்பது வயதில் அலுவலகத்தையும் அடுப்படியையும் வைத்துக்கொண்டு, புதிதாகச் சந்தித்த ஒருவரோடு அத்தனை மணி நேரத்தைச் சேர்க்க எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று அவரவர் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய நட்பு அந்த நேரத்தை முன்பே செலுத்தி முடித்த ஒன்று. அதைச் சும்மா விட்டுவிடுவது, சிக்கனமாகக் குடும்பம் நடத்துகிறவர்கள் செய்கிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

பெண்களின் நிலை இதில் இன்னும் மோசம். இந்திய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டார்கள். அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடங்கள். நடுவில் இருக்கும் ஏறத்தாழ மூன்று மணி இருபது நிமிடங்களில்தான் ஆண்களுக்குத் தேநீர்க் கடை பெஞ்சும், பாலத்துத் திண்டும், சாயங்கால நடைப்பயிற்சிக் கூட்டமும் கிடைக்கின்றன. பெண் ஒருத்தி எந்த வேலையும் இல்லாமல், பேசுவதற்காக மட்டும் தோழி வீட்டுக்குப் போய்வந்தாள் என்றால் அதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. கோயிலுக்குப் போகிற வழியில் பார்த்தேன், ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போனபோது பார்த்தேன் என்று. "கல்யாணமாகிப் பிள்ளையும் பெத்தாச்சு, இன்னும் என்ன சிநேகிதம் வேண்டிக் கிடக்குது?" என்ற கேள்வியை எங்கள் தலைமுறையில் எதிர்கொள்ளாத பெண் குறைவு.

தொண்ணூறுகளில் திருமணமாகிப் போன எங்களுக்கு முகவரி மாறியது, பலருக்கு வேலையும் போனது, பெயருக்கு முன்னிருந்த அப்பாவின் எழுத்துக்குப் பதிலாகக் கணவரின் எழுத்து வந்து உட்கார்ந்தது. இன்லாண்ட் லெட்டரை வீட்டில் வேறு யாராவது பிரித்துப் படித்துவிட்டுத்தான் கையில் கொடுத்தார்கள். ஆகவே அதில் எழுதத் தக்கது 'நலம், நலமறிய ஆவல்' மட்டுமாக இருந்தது. வெளியூருக்குப் பேச இருந்த எஸ்.டி.டி. பூத்தில் கட்டணம் குறைந்தது இரவில். புதிதாக வாழ்க்கைப்பட்டுப் போன ஊரில் ஒரு பெண் இரவில் பூத்துக்குப் போக முடியாது. பிற்காலத்தில் முகநூல் வந்தபோது ஒருவரையொருவர் தேடிப் பிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. பெயரின் பின்பாதியில் அறியாத ஆண் ஒருவரின் பெயர், முகப்புப் படத்தில் குழந்தையோ முருகனோ இருந்தால் எங்கள் பழைய அறைத்தோழியை எப்படி அடையாளம் காண்பது?

நட்பையும் குடும்பத்தையும் எதிரெதிரே நிறுத்துகிறவர்களிடம் நான் சொல்ல விரும்பும் செய்தி ஒன்று புறநானூற்றில் இருக்கிறது. கோப்பெருஞ்சோழன் என்றவுடன் எல்லோரும் பிசிராந்தையாரைச் சொல்வார்கள். ஒருவரையொருவர் பாராமலே நட்புக் கொண்ட அந்தக் கதை பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடுகிறது. எனக்குப் பிடித்தவர் பொத்தியார். அவர் சோழனின் அருகிலேயே இருந்த நண்பர். பெற்ற மக்களோடு பகை மூண்டு, மனம் நொந்து சோழன் வடக்கிருந்தபோது, அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விடத் துணிந்தபோது, பொத்தியாரும் உடன் அமர விரும்பினார். 'உன் மனைவிக்குப் புதல்வன் பிறந்தபின் வா' என்று சொல்லிச் சோழன் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டான். பொத்தியார் போனார், மகன் பிறந்தபின் திரும்பி வந்தார். அதற்குள் சோழன் நடுகல்லாகிவிட்டிருந்தான். 'அன்பிலாள' என்று அந்தக் கல்லை உரிமையோடு கடிந்துகொண்டு, எனக்குரிய இடம் எது என்று அவர் கேட்பது 222ஆம் பாட்டு. உயிர்விடுவதை நான் இங்கே போற்றவில்லை. தன் குடும்பம் உடைந்து நிற்கிற வேளையிலும் நண்பனின் குடும்பத்தைப் பற்றி யோசித்த சோழனையும், அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் போய், சொன்னபடியே திரும்பி வந்த பொத்தியாரையும்தான் எண்ணிப் பார்க்கிறேன். 'இப்போது உன்னால் முடியாது, முடிந்தபின் வா' என்று ஒருவர் சொல்லவும், அதை மற்றவர் புறக்கணிப்பாக எடுத்துக்கொள்ளாமல் இருக்கவும் முடிந்தால் பாதி நட்புகள் பிழைத்துவிடும்.

ஆனால் நடைமுறையில் நாம் பதில் கணக்கு வைக்கிறோம். போன தடவை நான்தான் கூப்பிட்டேன், இந்தத் தடவை அவள் கூப்பிடட்டும். என் பிறந்த நாளை அவள் மறந்தாள், அவள் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு நான் ஏன் போக வேண்டும் என்று. மொய் நோட்டின் மோசமான பக்கத்தை மட்டும் நட்புக்குள் கொண்டுவந்துவிடுகிறோம். திருக்குறளில் நட்பு அதிகாரத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். அதற்கு இரண்டு அதிகாரம் தள்ளி வரும் பழைமையை யாரும் தொடுவதில்லை. நண்பர் நோகும்படி ஒன்றைச் செய்துவிட்டால் அது அறியாமையாக இருக்கலாம், அல்லது மிகுந்த உரிமையாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள் என்கிறது அதில் ஒரு குறள் (805). கைக்குழந்தை வைத்திருப்பவள், தேர்வெழுதும் பிள்ளை வைத்திருப்பவள், படுக்கையில் கிடக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்பவள் ஆகியோரின் மௌனத்துக்கு இந்த இரண்டும்கூடத் தேவையில்லை. நேரமில்லை என்ற மூன்றாவது காரணமே போதும்.

துன்ப காலத்தில் நட்பு சோதிக்கப்படுகிறது என்பார்கள். என் அனுபவத்தில் நல்ல காலம்தான் அதிக நட்புகளைக் கெடுத்திருக்கிறது. அப்படிக் கெடுப்பவற்றில் பிள்ளைகளின் மதிப்பெண் முதலிடம் பெறும். தேர்வு முடிவு வருகிற காலையில் 'எவ்வளவு?' என்று கேட்டு வரும் அழைப்புகளால் பேச்சு நின்றுபோன வீடுகளை எனக்குத் தெரியும். எங்களுக்குள் ஓர் உடன்பாடு உண்டு: முடிவைப் பெற்றவர் தாமாகச் சொல்லும்வரை யாரும் கேட்பதில்லை. மருத்துவ இடம், வெளிநாட்டு வேலை, நிச்சயித்த மாப்பிள்ளையின் சம்பளம் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். பணத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல விருப்பமில்லை. அடகு வைக்க நகை கேட்டால் கொடுப்பதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு, கொடுத்தால் வீட்டுக்குத் தெரிந்தே கொடுங்கள்.

துன்ப காலத்தில் பெரும்பாலோர் நல்லவர்களாகவே இருக்கிறார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பதுதான் குறை. 'எதாவது வேணும்னா சொல்லு' என்ற வாக்கியத்தால் இதுவரை யாருக்கும் ஒரு டம்ளர் காபிகூடக் கிடைத்ததில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இரண்டாவது இரவாக உட்கார்ந்திருப்பவளுக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கும் நிலையே இருக்காது. எங்கள் தோழி ஒருத்தியின் கணவர் திடீரென்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, அதே ஊரில் இருந்த இன்னொருத்தி எதையும் கேட்கவில்லை. வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டாள். குழந்தைகளைத் தன் வீட்டிலிருந்தே பள்ளிக்கு அனுப்பினாள். மாற்றுப் புடவை, செல்போன் சார்ஜர், தலைவாரச் சீப்பு மூன்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். காப்பீட்டுக்கான ஆதார் நகல், குடும்ப அட்டை நகலை எடுத்துக்கொண்டு வரிசையில் தன் கணவரை நிற்கவைத்தாள். வெளியூரில் இருந்த நாங்கள் அவளுக்கும் போன் செய்து தொந்தரவு கொடுக்காமல், ஒருத்தி மட்டும் பேசி மற்றவர்களுக்குச் செய்தி சொல்வது என்று வைத்துக்கொண்டோம்.

அந்தக் கணவர் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்தவற்றைப் பற்றித்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நம் சமூகம் கணவனை இழந்தவளைச் சுப காரியங்களின் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிடுகிறது. குழந்தை இல்லாதவளை வளைகாப்புக்கு அழைப்பதா என்று தயங்குகிறது. விவாகரத்தானவளைப் பார்த்தால் பேச்சை மாற்றுகிறது. மணம் செய்துகொள்ளாதவளிடம் அதைத் தவிர வேறு எதையும் பேசுவதில்லை. உறவுக்குள் இவற்றை மீறுவது கடினம். ஒவ்வொரு முறையும் ஒரு பெரியப்பா குறுக்கே நிற்பார். நட்பில் சடங்கு இல்லை என்று முதலில் குறையாகச் சொன்னேன் அல்லவா, அதன் மறுபக்கம் இதுதான்: தடுக்கவும் அங்கே யாருக்கும் அதிகாரம் இல்லை. எங்களில் ஒருத்தி தன் மகளின் திருமணத்தில் இந்தத் தோழியை மேடைக்கு அழைத்து, ஆரத்தித் தட்டை அவள் கையில் கொடுத்தாள். உறவினர்களின் முணுமுணுப்பு பந்தி பரிமாறத் தொடங்கியதும் அடங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டாரிடம் அவள் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தாள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். துணிச்சலுக்கு ஏற்பாடும் தேவை.

வாட்ஸ்அப் குழு இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்களுக்கு: போதாது. காலை வணக்கப் பூங்கொத்தும், பூண்டின் மருத்துவ குணங்களும், தேர்தல் நேரத்துச் சண்டையும் தொடர்பு இருப்பதான ஒரு மயக்கத்தைக் கொடுக்கின்றன. தினமும் கும்பிடு போடுகிறவளின் வீட்டில் மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை என்பது குழுவில் யாருக்கும் தெரிவதில்லை. குழு என்பது தேதி முடிவு செய்யப் பயன்படட்டும். பேசுவதற்கு ஒருவருக்கொருவர் கூப்பிடத்தான் வேண்டும், அதுவும் காரணம் இல்லாமல். காரணத்தோடு மட்டுமே கூப்பிடுகிறவரின் பெயரைத் திரையில் பார்த்தால் நமக்கே நெஞ்சு திக்கென்கிறது.

எங்களுக்குள் சில வழக்கங்கள் தாமாக அமைந்துவிட்டன. ஒருத்தி பேருந்தில் வேலைக்குப் போகும் நேரம் எனக்கானது. ஏதோ ஒரு நிறுத்தத்தில் இடம் கிடைத்ததும் கூப்பிடுவாள், இறங்கும்போது பாதிச் சொல்லில் வைத்துவிடுவாள், மறுநாள் அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குவாள். ஆண்டுக்கொருமுறை பிள்ளைகளுக்குத் தேர்வில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சந்திக்கிறோம். அந்தத் தேதி எங்கள் வீட்டு நாள்காட்டியில், மாமனாரின் திதிக்கு இட்ட அதே சிவப்பு மையில் குறிக்கப்படுகிறது. இதில் கணவர்களின் பங்கை மறுக்க மாட்டேன். ஆனால் 'அனுமதி கொடுத்தார்' என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வரும். அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: தினமும் சந்தித்துக்கொள்கிற ஆண்களில் எத்தனை பேருக்கு எதிரே உட்கார்ந்து தேநீர் குடிப்பவரின் சர்க்கரை அளவு தெரியும்? நேரம் கிடைத்தும் அதில் கிரிக்கெட்டையும் அரசியலையும் தவிர வேறெதையும் பேசாமல் எழுந்துபோவதும் ஒரு வகை வீணடிப்புதான்.

இந்த ஆண்டுச் சந்திப்பை வழக்கம்போல் திருச்சியில் வைக்க முடியவில்லை. எங்களில் ஒருத்தியின் மாமியாருக்கு மறதி நோய் முற்றிவிட்டது. அவரை விட்டுவிட்டு அவளால் வாசற்படி தாண்ட முடியாது. இந்தத் தடவை என்னை விட்டுவிடுங்கள் என்று எழுதியிருந்தாள். அதனால் சந்திப்பை அவள் வீட்டுக் கூடத்துக்கே மாற்றிவிட்டோம். வீடு அலங்கோலமாகக் கிடக்கிறது, வராதீர்கள் என்று மூன்று குரல் செய்திகள் அனுப்பியிருக்கிறாள். சாப்பாட்டுக்கு வெளியில் சொல்லியாகிவிட்டது. பெரியவரோடு மாறி மாறி யார் எப்போது உட்காருவது என்பதை ரயிலில் பேசிக்கொள்ளலாம் என்றிருக்கிறோம்.