நுரையீரலைச் சுற்றிய சீழும் குழாய்வழி மருந்தும்: ஒரு திருத்தம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பகுதித் தமிழ்க் குடும்பங்களிடையே ஒரு பதிவு வேகமாகப் பகிரப்படுவதால் எழுதுகிறேன். நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டினால், மார்பில் செருகிய குழாய் வழியே மருந்து செலுத்துவது பயனற்றது என ஆராய்ச்சி நிரூபித்துவிட்டதாக அதில் கூறப்பட்டுள்ளது.

பதிவை எழுதிய ஐயா, தாங்கள் குறிப்பிடுவது 2005இல் வெளியான பிரிட்டன் ஆய்வாக இருக்கலாம். அது ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற ஒரே மருந்தைச் சோதித்தது. அம்மருந்து இறப்பையோ அறுவைச் சிகிச்சையையோ குறைக்கவில்லை என்பது உண்மையே. ஆனால் 2011இல் 210 நோயாளிகளிடம் நடந்த அடுத்த ஆய்வில், உறைந்த நார்ப்பொருளைக் கரைக்கும் டிபிஏ மருந்தையும், இறந்த செல்களின் டிஎன்ஏவைச் சிதைத்துச் சீழின் கெட்டித்தன்மையைக் குறைக்கும் டிஎன்ஏஸ் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது சீழ் நன்றாக வடிந்தது, அறுவைச் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டோர் விகிதம் 16இலிருந்து 4 சதவீதமாகக் குறைந்தது. தனித்தனியாகக் கொடுத்தபோது இப்பயன் கிடைக்கவில்லை. இந்த நுட்பமான வேறுபாடுதான் பதிவில் விடுபட்டுள்ளது. இறப்பு விகிதம் குறைந்ததாக இந்த ஆய்வும் நிறுவவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

ஐயமுள்ளவர்கள் மருத்துவ ஆய்வுச் சுருக்கங்களைத் தொகுத்துத் தரும் பப்மெட் இணையதளத்தில் 'மிஸ்ட் 1' (2005 ஆய்வு), 'மிஸ்ட் 2' (2011 ஆய்வு) என்ற பெயர்களை ஆங்கிலத்தில் (MIST1, MIST2) தேடலாம். இரண்டும் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தவை. சுருக்கங்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். எந்த மருந்து சோதிக்கப்பட்டது என்ற வரியை முதலில் பாருங்கள். பாலக்காட்டிலோ கோவையிலோ உறவினர் சிகிச்சையில் இருந்தால், இதே கேள்வியை மருத்துவரிடமும் தயங்காமல் கேட்கலாம்.