"ஐ5ன்னா ஐ5தான் மேடம்!"

விசிட்டிங் கார்டின் பின்பக்கம் நாலே நாலு எண்கள். 5, 8, 512, 54,500. சென்னை ரிச்சி தெருவில் லேப்டாப் விலை கேட்கப் போன எனக்கு ஒரு கடைக்காரத் தம்பி எழுதிக் கொடுத்த கொட்டேஷன் இது. 5 என்றால் ஐ5, கணினியின் மூளையான பிராசசரின் பெயர்; 8 ஜிபி ரேம், அதாவது வேலை நினைவகம்; 512 ஜிபி, கோப்புகள் தங்குகிற இடம்; கடைசியில் விலை. ஐம்பத்து நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு அவர் என்ன பொருள் தரப்போகிறார் என்பதற்கு இந்தக் கிறுக்கல்தான் ஆதாரம். "இது எந்த ஐ5 தம்பி?" என்று கேட்டேன். மேலும் கீழும் பார்த்தார். "ஐ5ன்னா ஐ5தான் மேடம்."

கத்தரிக்காய் வாங்கப் போனால்கூட, வரி கத்தரியா, வேலூர் முள்ளு கத்தரியா என்று கேட்டால் பதில் வரும். அரிசிக் கடையில் பழையதா புதியதா என்று கேட்டால் ஒரு கைப்பிடி அள்ளிக் காட்டுவார்கள். ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல் கொட்டிக் கொடுக்கிற பொருளில் மட்டும், எது என்று கேட்டால் நாம் ஏதோ அதிகப்பிரசங்கியாகிவிடுகிறோம்!

எனக்கு ஏன் இந்தத் தலையெழுத்து என்பதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் 2016-இல் வாங்கிய மேசைக் கணினி ஒன்று இருக்கிறது. ஆறாம் தலைமுறை ஐ5. நடுவில் எஸ்எஸ்டி என்கிற வேகமான சேமிப்பகம் ஒன்று போட்டதோடு சரி, இன்றுவரை மக்கர் செய்ததில்லை. அதில்தான் மூன்று கடைகளுக்கு டாலியில் கணக்கு எழுதித் தருகிறேன். அதற்கு வந்தது வினை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், இன்டெல்லில் எட்டாம் தலைமுறை வேண்டுமாம், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டுமாம். ஒழுங்காக வேலை செய்கிற ஆளைப் பிறந்த தேதி பார்த்து வீட்டுக்கு அனுப்புகிற கதை. பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் அந்தத் தேதியிலிருந்து இன்னும் ஓராண்டு வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை இருக்கிறது. ஓராண்டுக்குப் பிறகு? மறுபடி இதே ரிச்சி தெரு.

அதே நேரத்தில் மகளுக்கு மெக்கானிக்கல் முதல் வருடம். இரண்டாவது செமஸ்டரில் வரைபட மென்பொருள் வந்துவிடும், லேப்டாப் இல்லாமல் முடியாது என்கிறாள். ஆக, வீட்டுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. எது வாங்குவது?

வாயைத் திறந்து இதைக் கேட்டதுதான் நான் செய்த தப்பு. அக்கா மகன் பெங்களூரில் ஐடி வேலை. "சித்தி, கண்ணை மூடிட்டு ஆப்பிள் மேக் வாங்குங்க, பத்து வருஷத்துக்குக் கவலையே இல்ல." கொழுந்தனார் அடித்துச் சொல்கிறார், "அண்ணி, பிராண்டடே வேணாம், அசெம்பிள் பண்ணிடலாம், பாதி காசு மிச்சம்." பக்கத்து வீட்டுக்காரர் மானிட்டருக்குள்ளேயே கணினி இருக்கிற ஆல்-இன்-ஒன் வாங்கி வைத்திருக்கிறார், வீட்டுக்கு யார் போனாலும் அதன் முன்னால் உட்கார வைத்துதான் காபி கொடுப்பார். மகளின் சீனியர்கள் கேமிங் லேப்டாப் தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பார்க்கக் கூடாது என்று அவளுக்கு ஓதியிருக்கிறார்கள். இதில் ஒருவராவது, "உனக்கு அதில் என்ன வேலை?" என்று கேட்டார்களா? தாங்கள் வாங்கியது சரிதான் என்பதற்கு இன்னொரு சாட்சி வேண்டும், அவ்வளவுதான் இவர்களுக்கு.

சரி, யாரையும் நம்ப வேண்டாம், நாமே படித்துத் தெரிந்துகொள்வோம் என்று உட்கார்ந்தேன். மூன்று ராத்திரி தூக்கம் போனதுதான் மிச்சம்.

2008-லிருந்து இன்டெல்காரர்கள் தங்கள் பிராசசர்களை ஊர் உலகத்துக்கே ஐ3, ஐ5, ஐ7 என்று பழக்கினார்கள். காய்கறிக்காரம்மாவின் பையனுக்குக்கூட ஐ5 என்றால் நடுத்தரம் என்று தெரியும். 2023-இல் அந்த 'ஐ'யைத் தூக்கிவிட்டார்கள். இப்போது கோர் 5 என்று ஒன்று, கோர் அல்ட்ரா 5 என்று ஒன்று. கோர் 5 120யூ என்பதை எடுத்து முந்தைய ஐ5 1335யூ-வோடு வைத்துப் பார்த்தேன். அதிலும் பத்துக் கோர் (உள்ளே வேலை பார்க்கிற ஆட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்), பன்னிரண்டு திரெட் (ஒரே நேரத்தில் அவர்கள் கையில் எடுக்கிற வேலைகள்), இதிலும் அதே. உள்ளே வடிவமைப்பும் அதே பரம்பரைதான். பெயர்ப்பலகையை மாற்றியவுடன் புது வரவாகிவிட்டது. போதாததற்கு, பெண்டியம், செலரான் என்ற பழைய பெயர்களை லேப்டாப்பிலிருந்து எடுத்துவிட்டு, 'இன்டெல் பிராசசர்' என்று வைத்திருக்கிறார்கள். ஆமாம், பிராசசரின் பெயரே பிராசசர். நாய்க்கு 'நாய்' என்றே பெயர் வைப்பது போல!

சரி, இந்தப் பக்கமே வேண்டாம் என்று போட்டி நிறுவனமான ஏஎம்டி பக்கம் போனால் அங்கே இதைவிடக் கூத்து. ரைசன் 5 7520யூ, ரைசன் 5 5500யூ. சாதாரண மனுஷியாகிய நான் என்ன நினைப்பேன்? ஏழாயிரம் ஐயாயிரத்தைவிடப் பெரியது, ஆகவே புதியது, ஆகவே வேகமானது. கிடையாது. 5500-இல் ஆறு கோர். 7520-இல் நாலுதான். இரண்டின் உள்ளேயும் இருப்பது 2019-இல் வந்த ஜென் 2 என்ற அதே வடிவமைப்பு. எண் ஏறியிருக்கிறது, கோர் இறங்கியிருக்கிறது. இன்னும் கேளுங்கள்: 7520-க்கு அடுத்த படியில் 7530யூ என்று ஒன்று உண்டு. பத்தே பத்து எண் வித்தியாசம். ஆனால் அதில் ஆறு கோர், அடுத்த தலைமுறையான ஜென் 3. இந்த எண்களை எப்படிப் படிக்க வேண்டும் என்று 2022-இல் அந்த நிறுவனமே ஒரு விளக்கப்படம் வெளியிட்டது. முதல் எண் எந்த வருடத்துச் சரக்கு என்பதற்காம். மூன்றாவது எண்தான் உள்ளே இருக்கிற வடிவமைப்பைச் சொல்லுமாம். கடையில் எல்லாரும் முதல் எண்ணைத்தான் கையால் தட்டித் தட்டிக் காட்டுகிறார்கள். மூன்றாவது எண்ணைப் பார்த்துப் பலன் சொல்ல ஜோசியர்தான் வர வேண்டும்.

நான் கணக்கு எழுதுகிறவள். என் வேலையில் ஒரு கடைக்காரர் பழைய சரக்குக்குப் புது எண் போட்டு ஸ்டாக்கில் காட்டினால் ஆடிட்டர் என்னைத்தான் பிடிப்பார்.

மேக் விஷயத்துக்கு வருகிறேன், இல்லாவிட்டால் அக்கா மகன் கோபித்துக்கொள்வான். மேக் மினி 2024 கடைசியில் புது வடிவில் வந்தபோது விலை 59,900. உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி, 16 ஜிபி ரேம், சத்தமே இல்லை. ஆசையாகத்தான் இருந்தது. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எதுவும் பெட்டியில் கிடையாது. அது போகட்டும், என் பழைய மானிட்டர் இருக்கிறது. ஆனால் டாலி? அது விண்டோஸ் மென்பொருள். மகள் படிக்க வேண்டிய வரைபட மென்பொருள் சாலிட்வொர்க்ஸ்? அதுவும் விண்டோஸ்தான். இதை அவனிடம் சொன்னால், "அதெல்லாம் உள்ளுக்குள்ள விண்டோஸை ஓட்டிக்கலாம் சித்தி" என்கிறான். குடியிருக்க வீட்டுக்குள்ளேயே இன்னொரு வீடு கட்டச் சொல்கிறான். வேலை ஓடாத இயந்திரம் பத்து வருடம் உழைத்தால் எனக்கென்ன, இருபது வருடம் உழைத்தால் எனக்கென்ன?

ஒரு சனிக்கிழமை கொழுந்தனாரையும் மகளையும் கூட்டிக்கொண்டு அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தேன். ரிச்சி தெருவைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தலைக்கு மேல் ஒயர், காலுக்குக் கீழே அட்டைப்பெட்டி, நடுவில் டெலிவரி வண்டி. முதல் கடையில் "பட்ஜெட் எவ்ளோ மேடம்?" தேவையைச் சொன்னேன். "அது இருக்கட்டும், பட்ஜெட் எவ்ளோ?" அறுபதாயிரம் என்று சொன்ன அந்த நொடியில் அங்கே இருந்த எல்லா இயந்திரமும் எனக்காகவே செய்ததாகிவிட்டது.

இரண்டாவது கடையில் கேமிங் லேப்டாப். மகள் கண்ணில் மின்னல். கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4050. எடுத்துப் பார்த்தால் ஆட்டுக்கல் கனம், சார்ஜர் தனியாக ஒரு செங்கல். பக்கத்தில் அதே 4050 ஸ்டிக்கரோடு இன்னொன்று, பன்னிரண்டாயிரம் குறைவாக. என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "அது வேற மாடல் மேடம்." அது எனக்குத் தெரியாதா! விஷயம் என்னவென்றால், லேப்டாப்பில் வருகிற அந்தக் கார்டை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரைக்கும் எந்த அளவுக்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள லேப்டாப் செய்கிறவருக்கு இடம் உண்டு. வாட் குறைந்தால் வேகமும் குறையும். மூன்று மடங்கு வாட் வித்தியாசம், ஒரே ஸ்டிக்கர். அந்த வாட் கணக்கு பெட்டியின் மேல் எங்கேயும் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், மகள் வெட்கத்தில் கையைப் பிடித்து இழுக்கும்வரை.

512 ஜிபி என்று சொல்லி வாங்குவதைத் திறந்து பார்த்தால் 476 என்று காட்டும், தெரியுமா? செய்கிறவர்கள் ஆயிரத்தால் பெருக்குகிறார்கள், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லையாம். என் கல்லாவில் முப்பத்தாறு குறைந்தால் இந்த விளக்கத்தை எந்த முதலாளி ஏற்பார்? 'லைஃப்டைம் ஆபீஸ் இலவசம்' என்று மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் மென்பொருளைக் காட்டுவது இன்னொன்று. யாருடைய லைஃப்? அந்த லேப்டாப்பினுடையது.

கொழுந்தனாரின் அசெம்பிள் யோசனை மூன்றாவது கடையில் செத்தது. மதர்போர்டு, கேபினெட், எஸ்எம்பிஎஸ் என்று ஜோராகத்தான் பட்டியல் போட்டார்கள். ரேமுக்கு வந்ததும் பேனா நின்றது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் சில மாதமாக விலை எகிறிக் கிடக்கிறது. கொழுந்தனார் மனதில் வைத்திருந்த விலைக்கு இரண்டு மடங்குக்கும் மேல் சொன்னார்கள். "இதுவும் இன்னிக்கு ரேட்டுதான் சார், நாளைக்குக் கேட்டா வேற." தங்கத்துக்குத்தான் இப்படி ரேட் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாதி காசு மிச்சம் என்றவர் அதன்பிறகு சமோசா சாப்பிடப் போய்விட்டார்.

வெறுத்துப்போய்த் திரும்பும்போது மீரான் சாகிப் தெருவில் ஒரு மாடிக்கடை. ஐம்பது வயதிருக்கும் ஒருவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலேயே கேட்டார், "பாப்பா என்ன படிக்குது? என்ன சாப்ட்வேர்?" சொன்னேன். "முதல் ரெண்டு வருஷம் பார்ட் வரையறதுக்குப் பெரிய கார்டு வேணாம்மா. பல பார்ட்டைச் சேர்த்து வரையற பெரிய அசெம்ப்ளி வர்றப்ப காலேஜ் லேப்ல உக்காரட்டும்." டெமோவுக்கு வைத்திருந்த ஒரு லேப்டாப்பை எடுத்துக் கவிழ்த்தார். ஸ்குரூ டிரைவரால் பத்துத் திருகையும் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டார். அடிமூடியைத் தூக்கி, "இங்க பாருங்க, இந்த எட்டு ஜிபி போர்டுலயே ஒட்டினது, கழட்ட முடியாது. இது காலி ஸ்லாட். இன்னொரு எட்டு இதுல உக்காரும்" என்று விரல் வைத்துக் காட்டினார். பிராசசர் என்ன என்றேன். "ரைசன் 7530. 7520 எடுத்துடாதீங்க. அதுல ஸ்லாட்டே இருக்காது, வாங்கின ரேம்தான் கடைசி வரைக்கும்."

எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. மூன்று ராத்திரி நான் படித்துக் குழம்பியதை இரண்டு நிமிடத்தில் மூடியைத் திறந்து காட்டிவிட்டார் மனிதர். முதல் கடையைவிட ஆயிரத்தைந்நூறு அதிகம், கூடுதல் ரேமுக்குத் தனியாக. பேரமே பேசவில்லை. பில்லில் மாடல் எண்ணை முழுதாக, கடைசி எழுத்துவரை எழுதிக் கொடுத்தார். கேட்காமலேயே!

மகள் மெட்ரோவில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள். கீபோர்டில் கலர் கலராக விளக்கு எரியாதாம்.

எனக்கான கணினி இன்னும் வாங்கவில்லை. ரேம் விலை இறங்கட்டும் என்கிறார் அந்த மாடிக்கடைக்காரர். இன்று காலையும் டாலியைத் திறக்கப் போனால், உங்கள் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியற்றது என்று திரை முழுக்க அறிவிப்பு. பிறகு நினைவூட்டு என்பதை அழுத்திவிட்டு, இரும்புக்கடையின் டிசம்பர் கொள்முதல் பதிவை ஆரம்பித்தேன்.