மருந்தை ஏன் நிறுத்தினார் என்று அவரிடம் யாராவது கேட்டீர்களா?

நேற்று இரவுப் பணிக்குப் போனதும் புதிதாகச் சேர்ந்திருந்த ஒருவரின் கோப்பைப் பிரித்தேன். முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் "டிஃபால்டர்" என்று எழுதி, அடிக்கோடு வேறு போட்டிருந்தார்கள். வாங்கின கடனைக் கட்டாமல் ஏமாற்றுகிறவரைச் சொல்கிற சொல் அது. இவர் யாரையும் ஏமாற்றவில்லை, காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டிருக்கிறார், அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனமே 2013இல் தன் வரையறைகளிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, தொடர்பு விட்டுப்போனவர் என்ற பொருளில் வேறொன்றை வைத்துவிட்டது. எங்கள் பேனாக்களுக்குத்தான் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

இருமல் கொஞ்சம் அடங்கி அவர் சாய்ந்து உட்கார்ந்த பிறகு பக்கத்தில் போய், "மாத்திரையை எப்ப விட்டீங்க ஐயா?" என்று கேட்டேன். "பத்து நாள்லயே விட்டுட்டேன் சிஸ்டர். மூத்திரம் சிவப்பாப் போச்சு. ரத்தம்தான் போகுதுன்னு பயந்துட்டேன்."

அடப்பாவமே என்று இருந்தது. காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சாப்பிடும் யாருக்கும் சிறுநீர் ஆரஞ்சு சிவப்பாகத்தான் போகும். வியர்வை, கண்ணீர், எச்சில் எல்லாவற்றிலும் அந்த நிறம் ஏறும், கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்கு லென்ஸே கறைபட்டுவிடும். ஆபத்து ஒன்றும் கிடையாது. இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அரை நிமிடத்தை முதல் நாள் யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. அவரும் வெட்கத்தில் யாரிடமும் கேட்கவில்லை. இப்போது பல மாதம் கழித்து, முன்னைவிட மோசமான நுரையீரலோடு வந்திருக்கிறார், நெற்றியில் ஒரு பட்டத்தோடு.

இத்தனை வருடம் நெஞ்சக நோய் வார்டில் நின்றவள் என்கிற உரிமையில் சொல்கிறேன், காசநோய் சிகிச்சை தோற்கிற பல இடங்களில் மருந்து தோற்பதில்லை, நாம் பேசாமல் விட்டதுதான் தோற்கிறது.

ஏன் 6 மாதம், ஏன் இத்தனை மாத்திரை என்று கேட்கிறவர்களிடம் "டாக்டர் சொன்னார், சாப்பிடுங்க" என்று முடித்துவிடுகிறோம். கேட்கிறவர் முட்டாள் இல்லை. காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார். காசநோய்க் கிருமி மகா சோம்பேறி. மற்ற பல பாக்டீரியாக்கள் அரை மணிக்கு ஒரு தடவை இரண்டாகப் பிரியும் என்றால், இது ஒரு முறை பிரியவே ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். சில கிருமிகள் அசையாமல் தூங்கிக் கிடக்கும், அந்த நேரத்தில் மருந்து அவற்றை எளிதில் தொடாது. வேகமாகப் பெருகுகிற கூட்டத்தை முதல் சில நாட்களில் அடித்து வீழ்த்துவது ஐசோனியாசிட். அவ்வப்போது விழித்துப் பார்க்கிறவற்றைப் பிடிப்பது ரிஃபாம்பிசின். அமிலத்தன்மை உள்ள இடங்களில் ஒளிந்திருப்பவற்றுக்குப் பைராசினமைட். இவற்றில் ஏதாவது ஒன்றுக்குக் கிருமி ஏற்கெனவே பழகியிருந்தால் எதிர்ப்பு பரவாமல் காவல் நிற்க எதாம்பியூட்டால். முதல் 2 மாதம் நான்கும் சேர்ந்து, பிறகு 4 மாதம் ஐசோனியாசிடும் ரிஃபாம்பிசினும், இந்தியாவில் அவற்றோடு எதாம்பியூட்டாலும். சாதாரண நுரையீரல் காசநோய்க்கு இதுதான் வழக்கமான முறை. மூளைச் சவ்வைப் பாதித்த காசநோய் என்றால் பெரும்பாலும் ஒரு வருடம் வரை போகும்.

ஒற்றை மருந்து ஏன் போதாது என்பதை உலகம் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டது. 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டபோது காசநோய் ஒழிந்தது என்றே நினைத்தார்கள். 1948இல் பிரிட்டனில் வெளியான ஆய்வில், அந்த மருந்து பெற்றவர்களிடையே முதல் 6 மாதத்தில் இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனால் தனியாகக் கொடுத்ததால் பலரிடம் கிருமி அதற்குப் பழகிவிட்டது, சில ஆண்டுகளில் மருந்து வாங்கியவர்களுக்கும் வாங்காதவர்களுக்கும் வித்தியாசம் சுருங்கிப்போனது. நான்கில் "எனக்கு ஒத்துக்கொள்ளாத" ஒன்றை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதைச் சாப்பிடுகிறவர் தன்னை அறியாமல் அந்தப் பழைய தவறைத் திரும்பச் செய்கிறார். (நான்கையும் ஒரே மாத்திரையாக்கித் தருவதற்கு இதுவும் ஒரு காரணம்.)

இன்னொரு பொறி இரண்டாவது மாதத்தில் வரும். காய்ச்சல் போயிருக்கும், பசி எடுக்கும், எடை ஏறும், இருமல் நின்றே போயிருக்கும். உடம்பு சரியாகிவிட்டது, இனி எதற்கு மாத்திரை? உண்மையில் சோர்வாக இருந்தபோது விடாமல் சாப்பிட்டவர்கள்கூட நன்றாக ஆனபிறகுதான் விடுகிறார்கள். ஆகவே நோயாளி சிரித்துக்கொண்டு வருகிற நாளில்தான் நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பேசுவேன்.

பக்கவிளைவுகளைச் சொன்னால் பயந்து மருந்தையே விட்டுவிடுவார்கள் என்று சில மூத்தவர்கள் எனக்கே அறிவுரை சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இதில் துளிகூட உடன்பாடில்லை. சொல்லாமல் விட்டதால் ஓடியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கை கால் மரத்துப்போகிறது, உள்ளங்கால் எரிகிறது என்றால் ஐசோனியாசிட் உடம்பிலுள்ள பி6 வைட்டமினைக் குறைத்திருக்கலாம், சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மூட்டுவலி என்றால் பைராசினமைடால் யூரிக் அமிலம் ஏறியிருக்கலாம், சாதாரண வலி மாத்திரையிலேயே பலருக்கு அடங்கிவிடும். எதாம்பியூட்டால் சாப்பிடுகிறவரிடம் "கண் நல்லாத் தெரியுதா?" என்று மட்டும் கேட்டால் போதாது, சிவப்பும் பச்சையும் முன்போலவே பிரித்துத் தெரிகிறதா என்று கேட்க வேண்டும், ஏனென்றால் பார்வை நரம்பு பாதிக்கப்பட்டால் முதலில் நிறம்தான் மங்கும். அதைக் கேட்டவுடன் மருந்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டினால் பார்வை பெரும்பாலும் திரும்பிவிடும், ஒரு மாதம் கழித்துக் கேட்டால் அந்த உறுதியைத் தர முடியாது.

கல்லீரல் விஷயம்தான் எல்லாவற்றிலும் பெரியது. ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட் மூன்றுமே கல்லீரலைத் தொடக்கூடியவை. மஞ்சள் காமாலை வந்தால் சிறுநீர் அடர்ந்த நிறமாகப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் இங்கே ரிஃபாம்பிசின் ஏற்கெனவே நிறத்தை மாற்றிவைத்திருக்கிறதே! அதனால் சிறுநீரை வைத்து ஏமாறக் கூடாது, கண் வெள்ளையைப் பார்க்க வேண்டும். பகல் வெளிச்சத்தில், கீழ் இமையை இழுத்துப் பார்க்க வேண்டும், டியூப்லைட்டில் லேசான மஞ்சள் தப்பிவிடும். பசியே இல்லை, விடாத வாந்தி, வலது விலாவின் கீழ் வலி என்று சொன்னால் "மாத்திரைன்னா அப்படித்தான் இருக்கும்" என்று திருப்பி அனுப்பாதீர்கள். அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னால் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கல்லீரல் தேறிய பிறகு மருந்துகளை ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கலாம், அதற்கெல்லாம் மருத்துவரிடம் வழி இருக்கிறது. நோயாளி வீட்டிலேயே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இரண்டு மாதம் கழித்து வந்தால்தான் ஒருவருக்கும் வழி தெரியாது.

பெண்களிடம் கேட்கத் தயங்கி விட்டுவிடுகிற ஒன்று கருத்தடை மாத்திரை. ரிஃபாம்பிசின் அதன் வேலையைக் கெடுத்துவிடும், வேறு வழி பார்க்க வேண்டும். அப்படிச் சொல்லாமல் விட்டு, கர்ப்பமாகி, "டிபி மருந்தால குழந்தைக்கு ஆபத்து" என்று யாரோ பயமுறுத்தி அந்தப் பெண் மருந்தையும் நிறுத்திய கதை எனக்குத் தெரியும். அந்த நான்கு மருந்துகளையும் கர்ப்பத்திலும் கொடுக்கிறார்கள், குழந்தைக்குத் தாய்ப்பாலும் கொடுக்கலாம். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிதான் கர்ப்பிணிக்கு ஆகாது, வயிற்றிலிருக்கும் குழந்தையின் காதைப் பாதிக்கும்.

சளிப் பரிசோதனை பற்றிக் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். கையில் டப்பாவைக் கொடுத்து "துப்பிக் கொண்டு வாங்க" என்றால் எச்சில்தான் வரும். எச்சில் வேறு, சளி வேறு. காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுக்க வேண்டும், அதுவும் திறந்தவெளியில், அருகில் ஆளில்லாமல். நான்கு பேர் பார்க்கும் இடத்தில் நிறுத்தினால் பல பெண்கள் சத்தமாக இருமவே மாட்டார்கள். அப்படி வந்த எச்சிலில் கிருமி இல்லை என்று முடிவு வரும், நோய் இன்னும் சில மாதம் வீட்டில் இருக்கும். 2 மணி நேரத்துக்குள் கிருமியையும் ரிஃபாம்பிசின் எதிர்ப்பையும் காட்டுகிற இயந்திரத்துக்கு 2010இலேயே ஒப்புதல் கிடைத்துவிட்டது, ஆனால் டப்பாவுக்குள் சளி இருந்தால்தானே அது காட்டும்.

அப்புறம் தட்டு டம்ளர் விவகாரம். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. காசநோய் தட்டிலும் துணியிலும் கை குலுக்குவதிலும் தொற்றுவதில்லை. இருமும்போது, பேசும்போது காற்றில் மிதக்கிற நுண்துளிகளை வெகுநேரம் சேர்ந்து சுவாசிப்பதால்தான் தொற்றுகிறது. ஆகவே தனித் தட்டு வைப்பதை விட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். நோயாளிக்குச் சாதாரண முகக்கவசம் போதும், வார்டில் அருகில் நிற்கிற எங்களுக்குத்தான் என்95 தேவை. கிருமிக்கு ஏற்ற மருந்தை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்துவிட்டால் தொற்றும் தன்மை சில வாரங்களிலேயே பெருமளவு விழுந்துவிடும், ஆனால் வீட்டில் வைத்த தனித் தட்டு மட்டும் ஆயுசுக்கும் எடுக்கப்படுவதில்லை.

வீட்டில் வைத்து வைத்தியம் பார்ப்பது ஆபத்து என்கிற எண்ணத்தை உடைத்ததே சென்னையில் நடந்த ஆய்வுதான். 1956இல் தொடங்கிய ஆய்வு மையம் 1959இல் வெளியிட்ட முடிவு அது. சானடோரியம் என்கிற காசநோய் மருத்துவமனையில் படுக்கை, நல்ல சாப்பாடு, ஓய்வு எல்லாம் கிடைத்தவர்களும், நெரிசலான வீட்டில் குறைந்த சாப்பாட்டோடு அதே மருந்தைச் சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் வரவும் இல்லை. அதன் பிறகுதான் உலகம் சானடோரியங்களை மூடத் தொடங்கியது. சாப்பாடு தேவையில்லை என்று இதற்குப் பொருள் கிடையாது. 2023இல் வெளியான ஜார்க்கண்ட் ஆய்வில், நோயாளியின் குடும்பத்துக்கும் சத்துணவு கொடுத்த வீடுகளில் மற்றவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. அதனால் ஒவ்வொரு முறையும் எடை பார்க்கச் சொல்கிறேன். அது அட்டையை நிரப்புவதற்காக மட்டும் இல்லை, மாத்திரையின் எண்ணிக்கையே எடையை வைத்துத்தானே!

கண் முன்னால் விழுங்க வைக்கும் முறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நல்ல முறைதான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் சிலர் அதைக் காவல் வேலையாக்கி, "வாயைத் திற, நாக்கைத் தூக்கு" என்று போய்விடுகிறார்கள். நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்கிறவருக்கு இது அவமானம், நாலாவது வாரம் வரமாட்டார். அதே ஆளிடம் எந்த நேரம் சரிப்படும் என்று கேட்டு, செல்பேசி வீடியோவில் காட்டச் சொன்னால் முடிந்தது. கவனிப்பு என்பது ஆளைப் பார்ப்பது, தொண்டையை மட்டும் பார்ப்பதில்லை.

நேற்றைய ஐயாவுக்கு ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இருக்கிறதா என்று சளி போயிருக்கிறது, முடிவு இன்னும் வரவில்லை. எதிர்ப்பு இருக்கிறது என்றே வந்தாலும், முன்போல ஒன்றரை இரண்டு வருடம், காதைச் செவிடாக்கும் ஊசிகள் என்று அவர் பயப்பட வேண்டியதில்லை. பெடாகுவிலின் என்கிற மருந்து சேர்ந்த 6 மாத மாத்திரைச் சிகிச்சையை 2022இலிருந்து பலருக்குப் பரிந்துரைக்கிறார்கள், இதயத் துடிப்புப் பதிவும் ரத்த அணுக்களும் அடிக்கடி பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். கடைசியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்ப மூத்திரம் சிவப்பாப் போனா பரவாயில்லைதானே சிஸ்டர்?"

பரவாயில்லை ஐயா என்றேன். விடியும் முன் அந்தக் கோப்பை எடுத்து, சிவப்பு மைக்குக் கீழே நீல மையில் "காரணம்: சிறுநீர் நிறம் மாறும் என்று முன்கூட்டியே சொல்லப்படவில்லை" என்று எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். இன்று காலை ரவுண்டில் அதை யார் படித்தார்கள் என்று தெரியவில்லை, மதியம் பார்க்க வரச்சொல்லி எனக்கு அழைப்பு வந்திருக்கிறது.