வேலியோர மஞ்சள் பூ எல்லாம் கரிசலாங்கண்ணி இல்லை

“பூங்கா ஓரத்தில் படர்ந்து கிடக்கும் இந்த மஞ்சள் பூச்செடிதான் மஞ்சள் கரிசலாங்கண்ணி, பறித்துக் கீரையாகக் கடைந்து சாப்பிட்டால் காமாலை பறந்துவிடும்” என்று ஒரு படம் வாட்ஸப்பில் சுற்றுகிறது. எங்கள் குடும்பக் குழுவிலேயே இரண்டு தடவை வந்துவிட்டது.

படத்தில் இருப்பது சிங்கப்பூர் டெய்சி. பெயரில்தான் சிங்கப்பூர், பூர்வீகம் அமெரிக்க வெப்பமண்டலம். அழகுக்காக உலகெங்கும் கொண்டுபோய் நட்டு, அது கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படர்ந்து, கடைசியில் உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி இனங்கள் பட்டியலில் போய் உட்கார்ந்துகொண்டது. மஞ்சள் கரிசலாங்கண்ணியும் இதே பேரினம்தான், சூரியகாந்திக் குடும்பம், பூவும் கிட்டத்தட்ட அதே மாதிரி. குழப்பம் வருவது நியாயம்தான்.

சரி, எப்படிப் பிரிப்பது? இலையைப் பாருங்கள். டெய்சியின் இலை பளபளவென்று தடித்து, பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். அதன் தாவரவியல் பெயரில் வரும் டிரைலொபேட்டா என்பதற்கே மூன்று மடல் என்றுதான் அர்த்தம். கரிசலாங்கண்ணி இலை குறுகி நீண்டு, சொரசொரப்பாக, மடல் இல்லாமல் இருக்கும். சந்தேகம் இருந்தால் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் இணையத் தரவுத்தளத்தில் இரண்டின் தாயகத்தையும் தேடிப் பார்க்கலாம், இல்லையென்றால் பக்கத்து சித்த மருத்துவரிடம் செடியையே காட்டலாம்.

அப்புறம், காமாலை என்பது ஓர் அறிகுறி. கல்லீரல் அழற்சியா, பித்தப்பைக் கல்லா என்று ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் பார்த்துத்தான் மருத்துவர் சொல்ல முடியும். அந்தப் படம் உங்களுக்கும் வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.