கிறிஸ்தவ மெய்யியல் மானுடவியலில் முதுகலையா? மெய்கண்டாரையும் எடுத்து வையுங்கள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இறையியல் முதுகலை செய்ய நினைக்கும் தமிழர்கள் பலருக்கு "மனிதன் யார்?" என்ற தலைப்பின் மேல் ஒரு கண் உண்டு. போதகர்கள், பள்ளி ஆசிரியர்கள், முதியோர் இல்லங்களில் ஊழியம் செய்பவர்கள் என எல்லா வகையினரும் கேட்கிறார்கள். தாராளமாக எடுங்கள், அருமையான துறை. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிளேட்டோ, அகுஸ்தீன், தோமா அக்குவினாஸ், டேக்கார்ட் என்று வரிசையாக எழுதிவிட்டு சைவ சித்தாந்தத்தின் தலையாய ஆசிரியரான மெய்கண்டாரைத் தொடாமலே முடித்த ஆய்வேடு தமிழ்க் கிறிஸ்தவர் கையிலிருந்து வரக்கூடாது. நம் குடும்பங்களில் அண்ணன் தேவாலயத்துக்கும் தம்பி பிரிக்ஃபீல்ட்ஸ் கந்தசாமி கோயிலுக்கும் போகிறார்கள். உயிர் எது, உடல் எதற்கு என்று அந்தத் தம்பி நம்பும் பதில் 13ஆம் நூற்றாண்டிலேயே மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் பன்னிரண்டு சூத்திரங்களாகத் தமிழில் எழுதப்பட்டுவிட்டது. அதைப் படிக்காமல் "நமது சூழலில் மனிதன்" என்று ஒரு அத்தியாயம் எழுதுவது எப்படி?

முதலில் துறையைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தில் மானுடவியல் என்று கேட்டால் சமூக, பண்பாட்டு மானுடவியலைக் காட்டுவார்கள். அது களத்துக்குப் போய் ஒரு சமூகத்தின் வழக்கங்களை ஆராய்வது. நாம் பேசுவது மெய்யியலின் ஒரு கிளை. மெய்யியலின் மற்ற மூன்று கேள்விகளும் "மனிதன் என்பவன் யார்" என்ற நான்காம் கேள்வியில் வந்து சேர்கின்றன என்றார் ஜெர்மானிய மெய்யியலாளர் காண்ட். 1928இல் மாக்ஸ் ஷேலரும் ஹெல்முட் பிளெஸ்னரும் ஆளுக்கொரு நூல் வெளியிட, ஜெர்மனியில் இது தனித்துறையாகத் தலையெடுத்தது. "கிறிஸ்தவ" என்ற அடைமொழி சேர்ந்ததும் இன்னொரு குழப்பம் வருகிறது. படைப்பு, வீழ்ச்சி, மீட்பு, உயிர்த்தெழுதல் என்று வேதத்திலிருந்து தொடங்கினால் அது இறையியல் மானுடவியல். அறிவது, விரும்புவது, உடலோடு வாழ்வது, சாவது ஆகிய அனுபவங்களிலிருந்து தொடங்கி வாதத்தால் நகர்ந்தால் மெய்யியல் மானுடவியல். ஒன்றின் பெயரில் மற்றொன்றை எழுதிக் கொடுத்தால் தேர்வாளர் திருப்பி அனுப்புவார். அது நியாயமும்கூட.

ஆகவே முதல் அத்தியாயத்திலேயே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் வாதத்தில் வெளிப்பாடு, அதாவது கடவுள் வேதத்தில் தம்மை வெளிப்படுத்தியது, எங்கே நிற்கிறது? வாதத்தின் முதற்கூற்றாகவா, வாதம் போய்ச் சேரும் திசையாகவா, வந்த முடிவைச் சோதிக்கும் உரைகல்லாகவா? இதைத் தட்டிக்கழித்தால் ஐந்தாம் அத்தியாயத்தில் எல்லாம் கலங்கிப் போகும். 1934இல் சுவிஸ் இறையியலாளர்களான எமில் புருன்னரும் கார்ல் பார்த்தும் மோதிக்கொண்டது இதை ஒட்டித்தான். இயற்கை மனிதனில் கடவுளின் சொல்லுக்கு ஒரு தொடர்புப் புள்ளி இருக்கிறது என்றார் புருன்னர். இல்லவே இல்லை என்றார் பார்த். 1948இல் மனிதனைப் பற்றித் தனி நூற்பகுதியே எழுதிய பார்த், இயேசு என்ற மனிதரிலிருந்துதான் தொடங்கினார். எதிர்ப்பக்கத்தில் கரோல் வொய்த்திவா, பின்னாளில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், 1969இல் வெளியிட்ட நூலில் "நான் செயல்படுகிறேன்" என்ற அனுபவத்திலிருந்து தொடங்குகிறார். இரண்டையும் படித்துவிட்டு ஒரு பக்கம் நில்லுங்கள். இரண்டிலிருந்தும் மேற்கோள் எடுத்து நடுவில் நிற்பது வாதமாகாது.

பதிவு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியத் தகுதிநிலைக் கட்டமைப்பில் முதுகலை 7ஆம் நிலை. பாடங்கள் வழியாகச் செய்தால் குறைந்தது 40 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேர உழைப்பு. ஆக 1600 மணி நேரம். ஊழியமோ வேலையோ பார்த்துக்கொண்டு வாரம் 15 மணி நேரம் ஒதுக்க முடிந்தால் இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். இங்குள்ள இறையியல் கல்லூரிகளில் பல தென்கிழக்காசிய இறையியல் கல்விச் சங்கத்தின் அங்கீகாரத்திலோ ஆசிய இறையியல் சங்கத்தின் அங்கீகாரத்திலோ பட்டம் தருகின்றன. எம்.கியூ.ஏ. (மலேசியத் தகுதி முகமை) அங்கீகாரம் வேறு. அரசுப் பள்ளியில் பதவி உயர்வுக்குப் பட்டம் வேண்டும் என்பவர்கள் கட்டணம் கட்டும் முன்பே இதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி சரக்கு. கடவுள் மனிதனைத் தம் சாயலில் படைத்தார் என்று வேதம் சொல்லும் தேவசாயல் என்பதற்கு மூன்று விளக்கங்கள் வழக்கில் உண்டு. பகுத்தறிவு, சுயாதீனம் போன்ற ஆற்றல்தான் சாயல் என்பது ஒன்று. பூமியை ஆளும் பொறுப்பே சாயல் என்பது இன்னொன்று. கடவுளோடும் பிறரோடும் உள்ள உறவே சாயல் என்பது மூன்றாவது. மாணவர்கள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் எழுதிவிட்டு "மூன்றும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன" என்று முடித்துவிடுகிறார்கள். அங்கேதான் ஆய்வு தொடங்கவே வேண்டும். முதியோர் இல்லத்தில் நினைவு தப்பிய ஒரு பாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்ற மகன் எதிரே உட்கார்ந்தால் "யாருப்பா நீ" என்கிறார். பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார், ஆனால் பக்கத்தில் யாராவது ஞானப்பாட்டைத் தொடங்கினால் மூன்றாம் சரணம்வரை வாய் பிசகாமல் பாடுகிறார். ஆற்றல்தான் சாயல் என்றால் அவரிடம் எவ்வளவு மிச்சம்? ஆளும் பொறுப்பு என்றால் அவர் எதை ஆள்கிறார்? உறவு என்றால், மகனை அறியாத பிறகு உறவு எந்தப் பக்கத்திலிருந்து நிற்கிறது? ஒவ்வொரு விளக்கத்தையும் இந்தப் பாட்டி முன்னால் கொண்டுபோய் நிறுத்துங்கள். அவரை மனிதர் கணக்கிலிருந்து தள்ளும் எந்த விளக்கமும் திருத்தப்பட வேண்டும்.

தோமா இதற்குக் கொடுக்கும் கருவி, இயல்பு வேறு, அந்த இயல்பின் செயல் வேறு என்ற பாகுபாடு. தூங்குகிறவர் சிந்திப்பதில்லை, ஆனாலும் சிந்திக்கும் இயல்புடையவரே. ஆள் என்பவர் பகுத்தறியும் இயல்புடைய தனி இருப்பு என்று ஆறாம் நூற்றாண்டு மெய்யியலாளர் போயித்தியுஸ் சொன்னதும் இயல்பைப் பற்றித்தான், அந்த நேரத்துச் செயலைப் பற்றியல்ல. இந்தப் பதில் போதுமா, மூளை தேய்ந்துபோன நிலையிலும் "இயல்பு" என்ற சொல் ஏதாவது வேலை செய்கிறதா என்பதுதான் உண்மையான ஆய்வுக் கேள்வி. இதை மட்டும் எடுத்து ஒரு முழு ஆய்வேடு எழுதலாம்.

தோமாவின் "இறையியல் தொகை" நூலின் முதற்பாகத்தில் 75 முதல் 89 வரையுள்ள வினாக்கள் மனிதனைப் பற்றியவை. ஏறக்குறைய 90 பிரிவுகள் வரும். வாரத்துக்கு ஏழு என்று வைத்தால் ஒரு பருவத்தில் முடிந்துவிடும். சாயலைப் பற்றிய 93ஆம் வினாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிரிவும் எதிர்வாதங்களோடுதான் தொடங்கும். அடுத்து ஒரு மறுதலை மேற்கோள், பிறகு தோமாவின் சொந்தப் பதில், கடைசியில் எதிர்வாதங்களுக்கு மறுமொழி. அவசரத்தில் படிப்பவர்கள் முதலில் வரும் எதிர்வாதத்தையே தோமாவின் கருத்தாக மேற்கோள் காட்டிவிடுகிறார்கள். இணையத்தில் தேடி வெட்டி ஒட்டினால் இது கட்டாயம் நடக்கும். இந்த ஒரு பிழையைக் கண்டதும் மற்ற அத்தியாயங்களின் மேலும் தேர்வாளருக்கு நம்பிக்கை போய்விடும்.

இப்போது மெய்கண்டார். சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் உயிர் உண்டு என்பதை ஏழு அதிகரணங்களில் (வாதப் பகுதிகளில்) நிறுவுகிறது. அதில் ஒரு காரணம் "எனது உடல் என்றலின்". என் வீடு, என் மாடு என்பது போல என் உடல் என்கிறோம். ஆகவே உடலை உடையவன் உடலிலிருந்து வேறு. இதே தன்னனுபவத்திலிருந்துதான் தோமாவும் 76ஆம் வினாவின் முதற்பிரிவில் புறப்படுகிறார், ஆனால் போய்ச் சேரும் இடம் எதிர்த்திசை. தான் சிந்திப்பதை அறிகிறவரும் தான் உணர்வதை அறிகிறவரும் ஒரே ஆள். புலனுணர்வு உடலின்றி நடக்காது. ஆகவே உடல் மனிதனின் ஒரு பகுதி, அவனுடைய உடைமையல்ல. "என் ஆன்மா நான் அல்ல" என்று கொரிந்தியர் முதல் நிருப விளக்கத்தில் அவர் எழுதியதும் இதன் தொடர்ச்சிதான். ஒரே அனுபவம், இரண்டு முடிவு. எது சரி, ஏன்? இந்தக் கேள்வியைக் கேட்கும் வாய்ப்பு தமிழ் தெரிந்த மாணவருக்கு இயல்பாகவே கிடைக்கிறது. அதை விட்டுவிட்டு டேக்கார்டை மறுபடி மறுக்கப் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சித்தாந்தத்தைத் தொடுகிறவர்களும் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். "இந்து சமயத்தில் உடல் மாயை, சிறை; கிறிஸ்தவத்தில் உடல் நல்லது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். சைவ சித்தாந்தத்தில் மாயை பொய்த்தோற்றம் அல்ல, உள்பொருள். தனு, கரண, புவன, போகங்களை (உடல், மனம் முதலிய கருவிகள், உலகம், நுகர்பொருள்) ஆணவம் என்னும் அறியாமை இருளில் அழுந்திக் கிடக்கும் உயிருக்கு உதவியாக இறைவன் அதிலிருந்து தருகிறான். விடியும்வரை எரியும் விளக்கு என்று திருவருட்பயனில் உமாபதி சிவம் சொல்வது இதைத்தான். இதைப் புரிந்துகொண்ட பிறகே உண்மையான வேறுபாடு தெரியும். விடிந்ததும் விளக்கு வேண்டியதில்லை. கிறிஸ்தவ நம்பிக்கையிலோ கடைசியிலும் சரீரம் எழுந்திருக்கிறது. இன்னும் இரண்டு வேறுபாடுகள் கனமானவை. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (கட்டு) மூன்றும் சித்தாந்தத்தில் அநாதி. கிறிஸ்தவத்தில் ஆன்மா படைக்கப்பட்டது. அங்கே ஆணவம் உயிரோடு அநாதியாகவே ஒட்டியது. இங்கே பாவம் நல்லதாகப் படைக்கப்பட்ட சித்தம் விலகியதால் வந்தது. தீமைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியில் சித்தாந்தத்தின் பதிலுக்கு ஒரு பலம் இருக்கிறது: கடவுள் அதற்குக் காரணமே இல்லை. அந்தப் பலத்தை ஒப்புக்கொண்டு பதில் எழுதுங்கள். மூலத்தைச் சிவஞான முனிவரின் சிற்றுரையோடு படியுங்கள். மிஷனரிமார் எழுதிய அறிமுகத்தோடு நின்றுவிடாதீர்கள், ஜெர்மானிய மிஷனரி ஷோமெருஸ் 1912இல் எழுதியது எவ்வளவு நல்ல நூலாக இருந்தாலும்.

நேர்காணல் மோகம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். மெய்யியல் ஆய்வேட்டுக்கு இருபது பேரைப் பேட்டி கண்டு சதவீதம் போடுவதால் எதுவும் நிரூபணமாகாது. "ஆன்மா உண்டு" என்று பதினெட்டுப் பேர் சொன்னால் ஆன்மா உண்டு என்றாகிவிடுமா? அரசு மருத்துவமனை நோயாளிகளிடம் போவதென்றால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து சுகாதார அமைச்சின் நெறிக்குழு அனுமதியும் வாங்க வேண்டும், மாதங்கள் ஓடிவிடும். வாதத்துக்கு வேண்டிய எடுத்துக்காட்டுகள் வெளியே நிறைய உண்டு. 1974ஆம் ஆண்டு மனிதத் திசுச் சட்டத்தின் கீழ் இறந்தவரின் உறுப்பை எடுப்பது, மூளைச்சாவு அறிவித்த பிறகும் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக் குடும்பம் தயங்குவது ஆகியவற்றைச் சட்டத்தையும் மருத்துவ நெறிமுறையையும் வைத்தே ஆராயலாம். உடல்தான் நானா, என்னுடையதா என்ற கேள்வி அங்கே உயிரோடு நிற்கிறது.

நூல்கள் பற்றி ஒரு வார்த்தை. வொய்த்திவாவின் நூலுக்கு 1979இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பை நம்பி வாதம் கட்டாதீர்கள், அதன் நம்பகத்தன்மை பற்றி நீண்டகாலமாகச் சர்ச்சை உண்டு. 2021 பதிப்பை எடுங்கள். பிளெஸ்னர் ஆங்கிலத்தில் 2019இல்தான் வந்தார். அதனால் பழைய பாடத்திட்டங்களில் அவரைக் காணமுடியாது, நீங்களாகத் தேடிச் சேர்க்க வேண்டும். பினாங்கில் இருப்பவர்களுக்கு பத்து ஃபெரிங்கியில் பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரியும், 1665இல் சயாமில் தொடங்கி 1808இல் பினாங்குக்கு வந்த கத்தோலிக்கக் குருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. வெளியாருக்கு நூலகம் திறக்குமா என்று முதலில் எழுதிக் கேளுங்கள். கோலாலம்பூரில் இருப்பவர்கள் சித்தாந்த நூல்களுக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தைக் கேட்டுப் பாருங்கள். அதன் இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கியது.

மேற்பார்வையாளருக்குச் சித்தாந்தம் தெரியாமல் இருக்கலாம், அது அவர் குறையல்ல. சித்தாந்த வகுப்பு எடுக்கும் ஐயா ஒருவரையோ அம்மா ஒருவரையோ அணுகி, நீங்கள் எழுதிய மெய்கண்டார் அத்தியாயத்தைத் தமிழில் சுருக்கி அச்சிட்டு, குறைந்தது ஒரு மாத அவகாசத்தோடு கையில் கொடுங்கள். "எங்கள் கொள்கையை நாங்கள் சொல்வது போலவே சொல்லியிருக்கிறேனா?" என்ற ஒரே கேள்வியை மட்டும் கேளுங்கள். அவர் சிவப்பு மையில் குறித்துத் தருவதைத் திருத்திய பிறகுதான் அந்த அத்தியாயம் தேர்வாளரிடம் போக வேண்டும்.