கல்யாணமான மகளுக்கு நிலத்தில் பங்கு இல்லையா?

“1989-க்கு முன் கல்யாணமான பெண்களுக்கு அப்பா நிலத்தில் பங்கு இல்லை, சீர் வாங்கியாச்சு, அவ்வளவுதான்” என்று காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

25.3.1989 முதல் அமலான தமிழ்நாட்டுச் சட்டம், அன்றைக்கு முன் திருமணமான மகள்களைப் பூர்வீகச் சொத்தின் பங்கிலிருந்து விலக்கியது உண்மை. குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் 9.9.2005-இல் அமலான இந்து வாரிசுரிமைத் திருத்தம் அந்த விலக்கை வைத்துக்கொள்ளவில்லை. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 20.12.2004-க்கு முன் நடந்த விற்பனையையும், பத்திரம் பதிவாகியோ நீதிமன்றத் தீர்ப்பாலோ முடிந்த பாகப்பிரிவினையையும் இந்தத் திருத்தத்தைக் காட்டிக் கலைக்க முடியாது.

தந்தை சொந்தமாக வாங்கிய நிலத்துக்கு இந்தத் தேதிகளே பொருந்தாது. உயில் எழுதாமல் இறந்தால் 120 சென்ட் கண்மாய்ப் பாசன நஞ்சை, மனைவி, 2 மகன், 1 மகள் என நாலு பேருக்கும் தலா 30 சென்ட். சீர் வாங்கியது பங்கைக் கழிக்காது.

நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெண்கள். பட்டா அண்ணன் பெயரில். பட்டா மாறியதாலேயே உரிமை போய்விடாது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்றுடன் இ-சேவை மையத்தில் கூட்டுப் பட்டாவுக்கு விண்ணப்பியுங்கள். அதற்கு முன் வில்லங்கச் சான்று (அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் கெடுவது, பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில்தான்: “பட்டாவுக்கு ஒரு கையெழுத்து” என்பார்கள். வாசித்துக் காட்டச் சொல்லாமல் போடாதீர்கள், தாயே.