போட்டிக்கு பேனர் அடிப்பவன் சொல்கிறேன்

போன வாரம் ஒரு சேவை அமைப்பிலிருந்து கடைக்கு வந்தார்கள். மாபெரும் ஓவியப் போட்டி, அனுமதி இலவசம், கலந்துகொள்ளும் அனைவருக்கும் சான்றிதழ். பத்துக்கு எட்டு சைஸில் இரண்டு பேனர் வேண்டும். மேலே தலைவர், செயலாளர், பொருளாளர் போட்டோ. கீழே இடம் மிச்சமிருந்தால் பிள்ளைகள் படம் ஒன்றை கூகுளில் எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். போட்டேன். அட்வான்ஸும் வாங்கிக்கொண்டேன். இந்தப் பதிவைப் படித்து யாராவது மனசு மாறினால் முதல் நஷ்டம் எனக்குத்தான்.

புதிதாக வந்தவர்களுக்கு: நான் கோவில்பட்டிக்காரன். பிளெக்ஸ் வருவதற்கு முன்னால் பிரஷ் பிடித்து போர்டு எழுதியவன். இப்போது மவுஸ் பிடிக்கிறேன். மூன்று வருஷமாக செவ்வாய், வியாழன் சாயங்காலம் பக்கத்துக் கிராமத்து நூலக வராந்தாவில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்த மூன்று வருஷத்தில் எனக்குப் புரிந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

நம் ஊர்களில் பிள்ளைகளின் கலைக்குப் போட்டி இருக்கிறது. பயிற்சிதான் இல்லை.

சுதந்திர தினத்துக்கு ஒரு போட்டி, குழந்தைகள் தினத்துக்கு ஒன்று, சாலைப் பாதுகாப்பு வாரத்துக்கு ஒன்று. தலைப்பும் எனக்கு மனப்பாடம்: மழைநீர் சேமிப்போம், பிளாஸ்டிக்கை ஒழிப்போம். பூமி உருண்டை கண்ணீர் விடும், பக்கத்தில் ஒரு கை மரக்கன்றைப் பிடித்திருக்கும். நானே பல தடவை நடுவராகப் போயிருக்கிறேன். ஒரு தடவை முதல் பரிசு கொடுத்த படத்தை, இரண்டு மாசம் கழித்து வேறொரு போட்டியில் வேறொரு பிள்ளை அப்படியே வரைந்திருந்ததைப் பார்த்தேன். விசாரித்தால், இருவரும் ஒரே தனியார் கிளாஸ். மாஸ்டர் நாலு படத்தைக் கோடு பிசகாமல் பழக்கி அனுப்புகிறார். எந்தத் தலைப்பு கொடுத்தாலும் அந்த நாலில் ஒன்று வந்துவிடும். அவரைக் குறை சொல்லி என்ன? பெற்றவர்கள் கேட்பது பரிசு, அவர் விற்பதும் பரிசு. அன்றைக்கு நான் பரிசு கொடுக்காமல் விட்ட படங்களில் தானாக வரைந்த பிள்ளை எத்தனை பேரோ.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஹாக்கியை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். எங்கள் ஊர் மாரீஸ்வரன் சக்திவேல் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடினார், அணி வெண்கலத்தோடு வந்தது. ஊரே கொண்டாடியது. ஆண்டுக்கு ஒரு நாள் டோர்னமெண்ட் வைத்து, எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தா அவரை உண்டாக்கினோம்? இங்கே அரசு ஹாக்கி விடுதி இருக்கிறது. செயற்கைப் புல்தரை மைதானம் இருக்கிறது. மட்டை கையில் வருகிறது, தட்டில் சோறு விழுகிறது, கோச்சுக்குச் சம்பளம் உண்டு. காலையும் மாலையும் ஓடுகிறார்கள். அதற்குப் பிறகு வருவதுதான் போட்டி. ஹாக்கிக்கு இது எல்லோருக்கும் தெரிகிறது. ஓவியம், பாட்டு, கூத்து என்று வந்தால் மட்டும், "திறமை இருந்தா தானா வெளிய வரும்" என்கிறோம்.

அரசுப் பள்ளிகளில் 2022-லிருந்து கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போய், மாநில அளவில் கலையரசன், கலையரசி பட்டம். நல்ல முயற்சி, நான் எதிரி இல்லை. அரசுப் பள்ளிப் பிள்ளை ஒன்று மேடையேறி மைக் பிடிப்பதைப் பார்த்து எனக்கும் கண் கலங்கியிருக்கிறது. ஆனால் போட்டி அறிவிப்பு வந்த பிறகு, யாருக்கு ஆடத் தெரியும், யாருக்குப் பாடத் தெரியும் என்று வகுப்பு வகுப்பாகக் கேட்டுக்கொண்டு போவதைத்தான் நான் பார்த்தேன். ஏற்கெனவே வெளியே காசு கொடுத்துக் கற்றுக்கொண்ட பிள்ளை கை தூக்கும். வீட்டில் சித்தப்பா மேளம் அடிப்பவராக இருந்தால் அந்தப் பையன் தூக்குவான். மற்றவர்கள் கைதட்டப் போவார்கள். கேரளத்தில் பள்ளிக் கலோத்சவம் 1957-லிருந்து நடக்கிறது. அங்கேயும் உடைக்கும் ஒப்பனைக்கும் தனிப் பயிற்சிக்கும் கொட்டுகிற காசுதான் மேடையேறுகிறது என்ற புலம்பல் ஓயவில்லை.

பள்ளியில் ஓவிய வாத்தியார் இல்லையா என்று கேட்பீர்கள். 2012-ல் ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,549 பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. மாதம் 5,000 ரூபாய் சம்பளம், மே மாதம் அதுவும் கிடையாது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். அவர்களும் நிரந்தரம் கேட்டு வருஷா வருஷம் சென்னைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். ஓவியத்தில் லோயர், ஹையர் பரீட்சை எழுதி, டி.டி.சி. என்ற ஆசிரியர் பயிற்சியும் முடித்து, பாதி வயசைத் தொலைத்த மனுஷன், சாயங்காலம் பள்ளி விட்டதும் இன்னொரு வேலைக்கு ஓடாமல் பிள்ளைகளோடு உட்காருவார் என்று எப்படி எதிர்பார்ப்பது? அவர் பீரியடையும் பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார். அந்தக் கடன் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை.

ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. கலை பண்பாட்டுத் துறை நடத்துவது. 5 வயசு முதல் 16 வரை சேரலாம். பாட்டு, பரதம், ஓவியம் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள், கட்டணமும் பெயருக்குத்தான். பெரும்பாலும் மாவட்டத் தலைநகரத்தை ஒட்டி இருப்பதுதான் சிக்கல். கரிசல் காட்டுக்குள் இருக்கும் பிள்ளை தூத்துக்குடிக்குப் பஸ் ஏறி, கற்றுக்கொண்டு, திரும்பி வந்து வீட்டுப்பாடம் எழுத வேண்டும் என்றால், அது சனி ஞாயிறுகூட நடக்கிற கதை இல்லை.

சரி, என் வராந்தாவுக்கு வருகிறேன்.

முதல் நாள் வந்த பிள்ளைகளை, பிடித்ததை வரையச் சொன்னேன். அத்தனை பேரும் வரைந்தது ஒரே படம்: இரண்டு மலை, நடுவில் சூரியன், மலையிலிருந்து ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை. எங்கள் பக்கம் மலையும் இல்லை, ஆறும் இல்லை, தென்னையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அந்த வாரம் முழுக்க வராந்தாவிலிருந்து தெரிவதை மட்டும்தான் வரைய வேண்டும் என்றேன். தெரிந்தது கருவேல மரம், பம்புசெட் ரூம், தூரத்தில் வரிசையாகக் காற்றாலை. ஒரு பையன் காற்றாடிக்கு நாலு இறக்கை போட்டிருந்தான். பக்கத்தில் இருந்த பிள்ளை, "ஏலே, மூணுதாம்லே" என்றது. "நாலு" என்றான் இவன். பெரிய சண்டை. எல்லோரும் எழுந்து வெயிலில் போய் நின்று, கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டு, சுற்றுகிற இறக்கையை எண்ணினார்கள். சுற்றும்போது எண்ண முடியவில்லை. காற்று குறையட்டும் என்று காத்திருந்தார்கள். கால் மணி நேரம் போயிருக்கும், மூன்று என்று தெரிந்தது. பிறந்ததிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள் அன்றைக்குத்தான் எண்ணினார்கள். அந்தப் பையன் ரப்பரை எடுத்து ஒரு இறக்கையை அழித்தான். அழித்த தடம் தெரிந்தது. அப்படியே விடுடா என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். எந்தப் போட்டியிலும் அந்தப் படத்துக்குப் பரிசு கிடைக்காது. இப்போது என் கடையில் ஒட்டியிருக்கிறது.

ஆரம்பத்தில் ஐந்து மணிக்கு வந்த பிள்ளைகள் ஐந்தரைக்கெல்லாம் சுருண்டு உட்கார்ந்தன. கை ஓடவில்லை. ஆர்வம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, மத்தியானம் சத்துணவு சாப்பிட்டதற்குப் பிறகு வயிற்றில் ஒன்றும் விழவில்லை. அம்மாமார் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து ஆறு மணிக்கு மேல் வந்துதான் அடுப்பு மூட்டுவார்கள். மறுநாள் பொரிகடலையும் கடலைமிட்டாயும் கொண்டுபோனேன். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், என்னைக் கேட்டால் ஓவிய ஆசிரியர் பட்டமும் கொடுக்கலாம். கலர் பெட்டி, பேப்பர், தின்பண்டம் எல்லாம் சேர்த்து மாதம் ஆயிரத்தைச் சுற்றித்தான் வருகிறது. ஒரு பேனருக்கு ஆகிற காசு.

பெண் பிள்ளைகள் ஏழாம் வகுப்பு தாண்டினால் ஒவ்வொன்றாக நிற்பார்கள். நன்றாக வரைகிற ஒரு பிள்ளை திடீரென்று வரவில்லை. அவள் அம்மாவைக் கடைத்தெருவில் பார்த்துக் கேட்டேன். "படம் வரையட்டும் அண்ணாச்சி, நான் வேண்டாம்னு சொல்லல. பெரிய பிள்ளை ஆயிட்டா. இருட்டுனதுக்கப்புறம் வந்தா அவ அப்பா என்னையத்தான் ஏசுவாரு" என்றார். நியாயம்தான். வகுப்பை முக்கால் மணி நேரம் முன்னால் தள்ளினேன், வெளிச்சத்திலேயே முடித்துவிடுகிறேன். 2021-லிருந்து வெள்ளை போர்டு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால், வேலைக்குப் போகாத அம்மாமார் இரண்டு பேர் முறை வைத்துப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளையும் கூட்டி வந்து கூட்டிப் போகிறார்கள். அந்தப் பிள்ளை திரும்பி வந்துவிட்டது. இந்தக் கிளாஸ் நிற்பதும் நடப்பதும் என் திறமையில் இல்லை, பஸ் டைமில் இருக்கிறது.

"இலவசமாக் கொடுத்தா மதிப்பு இருக்காது அண்ணாச்சி, பேருக்காவது ஏதாச்சும் வாங்குங்க" என்று நண்பர்கள் சொன்னார்கள். கேட்டு, இரண்டாம் வருஷம் மாதம் 20 ரூபாய் வைத்தேன். 22 பிள்ளைகள் 14 ஆனார்கள். நின்ற எட்டு பேரும் மதிப்புத் தெரியாதவர்கள் இல்லை. இரண்டு பேர் மழையிலும் வந்தவர்கள். வீட்டில் கேட்கக் கூசியவர்கள்தான் நின்றார்கள். அடுத்த மாசமே எடுத்துவிட்டேன். ஐந்து பேர் திரும்ப வந்தார்கள். மூன்று பேர் வரவே இல்லை. அது என் தப்பு, இன்றைக்கும் உறுத்துகிறது.

பிள்ளைக்குத்தான் இலவசமாக இருக்க வேண்டும். சொல்லிக்கொடுப்பவர் இலவசமாக உழைக்கக் கூடாது. எனக்குக் கடை இருக்கிறது, ஓட்டுகிறேன். ஒயிலாட்டம் தெரிந்த ஒருவர், கூலி வேலைக்குப் போகிறவர், அவரையும் வாரத்தில் ஒரு நாள் வரச் சொன்னோம். நாலு வாரம் வந்தார். ஒரு விழாவில் பொன்னாடை போர்த்தினோம். அதோடு அவர் வரவில்லை. போன் செய்தால், "வேலையை விட்டுட்டு வரணும் தம்பி" என்றார். பொன்னாடையைக் கொண்டுபோனால் ரேஷன் கடையில் அரிசி போடுவார்களா? இல்லம் தேடிக் கல்வி 2021-ல் தொடங்கியபோது தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தார்கள். பெரிய தொகை இல்லை. ஆனால் தெருவுக்குத் தெரு ஒரு பெண் சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்தது நடந்ததா இல்லையா? அதே திண்ணையில், அதே நேரத்தில், வாரம் இரண்டு நாள் உள்ளூர்க் கலைஞருக்குக் கௌரவமான ஒரு தொகை கொடுத்து உட்காரவைக்க என்ன தடை?

சிலர் கேட்பார்கள், அந்தக் காலத்தில் யார் சம்பளம் கொடுத்தார்கள் என்று. கொண்டையராஜு கதையைச் சொல்வார்கள். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தவர், கம்பெனி கலைந்த பிறகு கோவில்பட்டியிலேயே தங்கி, 1976-ல் மறையும்வரை சீடர்களைப் பழக்கியவர். சிவகாசிக் காலண்டர் சாமி படங்கள் பாதி அந்தக் கையிலிருந்தும் அவர் சீடர்கள் கையிலிருந்தும் வந்தவை. என் ஆசானும் அந்த வழி என்றுதான் சொல்லிக்கொள்வார், உண்மையா என்று நான் கேட்டதில்லை. ஆனால் அங்கே வேலை இருந்தது. கற்றுக்கொண்டே சம்பாதிக்கலாம், காலண்டர் அச்சகம் காத்திருந்தது. அந்தக் கயிற்றை அறுத்ததில் என் பிளெக்ஸ் மிஷினுக்கும் பங்கு உண்டு.

எங்கள் மாவட்டத்து ஜமீன் கோடங்கிபட்டி கிராமத்தில் தேவராட்டம் கற்ற விதம் வேறு. பெரியவர்கள் வரிசையில் ஆட, பொடியன்கள் வரிசையின் கடைசியில் நின்று காலைப் பார்த்துப் பார்த்துப் பழகுவார்கள். பீஸ் இல்லை, ரிஜிஸ்தர் இல்லை. அதைவிட நல்ல சாயங்கால வகுப்பு கிடையாது. ஒன்றே ஒன்று, அது ஒரு சமூகத்தின் ஆட்டம், வரிசையில் நின்றதும் அந்தச் சமூகத்துப் பிள்ளைகள்தான். நம் ஊரில் கலையும் தெருவும் ஒட்டித்தான் கிடக்கின்றன. வராந்தாவில் பறை வகுப்பு வைக்கலாமா என்று பேச்செடுத்தபோது ஒருவர் குரலைத் தாழ்த்தி, "அது எதுக்கு, கீபோர்டு சொல்லிக்கொடுங்களேன்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும். பொது இடத்தில், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று ஒரு வகுப்பு இருந்தால்தான் அந்தப் பேச்சு வெளியே வரும். பறை இன்னும் தொடங்கவில்லை. முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

நேற்று அந்த அமைப்புக்காரர் பேனர் வாங்க வந்தார். கலர் நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, நீங்கதான் நடுவரா வரணும் அண்ணாச்சி என்றார். ஞாயிற்றுக்கிழமைதானே, வருகிறேன் என்றேன். கூடவே, மெடல் எத்தனை என்று கேட்டேன். முதல் மூன்று இடத்துக்கு, பிரிவுக்கு ஒரு செட், அப்புறம் ஆறுதல் பரிசு என்று கணக்குச் சொன்னார். அந்த ஆறுதல் பரிசுக் காசை மட்டும் ஒயிலாட்டக்காரர் ஒருவருக்கு ஆறு மாசம் வாராவாரம் கொடுக்க முடியுமா, ஆளையும் இடத்தையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

கமிட்டியில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பேனரைச் சுருட்டி பைக்கில் முன்னால் வைத்துக்கொண்டு போனார். இன்னும் போன் வரவில்லை.